பூசையில் வைத்த பூனை

எங்கள் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால், ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாவும் தனித்தனி. தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்து உடலை நெய்கிறவன் நான். எனக்கு வலது பக்கத்தில், பலகை போட்டு உட்கார்ந்து கரை நாடாவை விடுகிறவள் என் மனைவி. நான் மிதித்தால் அவள் விட வேண்டும். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்த வேண்டும். என் வேகம்தான் தறியின் வேகம். அவள் கைக்கு என்ன வேகம் உண்டு என்று யோசிக்கும் அவசியம் எனக்கு வந்ததில்லை.

அதைத் தெரியவைத்தது ஒரு விளையாட்டுப் பெட்டி.

எங்கள் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறான். அவன் வண்டியில் தினமும் போய் வந்த ஒரு ஜப்பான்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன் சாமான்களை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருத்தனுக்கு டேபிள் ஃபேன், இன்னொருத்தனுக்குக் குக்கர். என் மகனுக்கு இந்தப் பெட்டி. கைக்குள் அடங்கும். மூடியைத் திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. பக்கத்தில் செருகி வைத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி. அந்தக் குச்சியால் கீழ்த் திரையைத் தொட்டு ஆட வேண்டும். உள்ளே ஒரே ஒரு விளையாட்டு, அதுவும் ஜப்பான் எழுத்தில். மகன் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "என் போன்லயே வேண்டிய மட்டும் கேம் இருக்குது. நீங்க ரெண்டு பேரும் பொழுது போவலன்னா ஆடுங்க" என்று ஒரு அமாவாசைக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போனான்.

அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். நான் அஞ்சாவதோடு நின்றவன், அவள் எட்டாவது வரை போனவள். எழுத்து ஜப்பான் மொழியில் இருந்ததால் இந்த ஒரு விஷயத்தில் இருவரும் சமம்.

விளையாட்டு இதுதான். கீழ்த் திரையில் குண்டு குண்டான குருவிகள் பொலபொலவென்று விழும். ஒரே நிறத்துக் குருவிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் குச்சியால் ஒரு கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் எல்லாம் ஒன்றாகத் தும்மிவிட்டுப் பறந்துவிடும். தாமதித்தால் குருவிகள் குவிந்து குவிந்து, மேல் திரையில் நிற்கும் பூனையின் கழுத்துக்கு வந்துவிடும். அந்தப் பூனை தலையில் ஒரு ஜட்டி மாட்டியிருக்கும். ஏன் என்று அதில் எழுதித்தான் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் விமானம் ஏறிப் போய்விட்டார். ஜெயித்தால் பூனை இடுப்பை ஆட்டி மத்தளம் தட்டும். தோற்றால் விளக்குமாற்றை எடுத்து நம்மையே பெருக்கித் தள்ளும்.

முதலில் குச்சியை எடுத்தவன் நான். சிவப்புக் குருவிகள் வரிசையாக வந்து நின்றன. "இழுங்க, இழுங்க" என்கிறாள் அவள். எனக்குக் கை போகவில்லை. அவை ஒரே சிவப்பாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் நிற்பது அரக்கு, நடுவில் நிற்பது குங்குமம். அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் சேலையில் பட்டை விழுந்துவிடும், முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார். நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூனை மூழ்கிப்போய் விளக்குமாற்றை எடுத்தது.

"இன்னாங்க நீங்க? நூலா வாங்கறீங்க, இவ்ளோ நேரம் பாக்கறதுக்கு? எல்லாம் செவப்புதான், இழுத்து வுடுங்க!"

"ஓரத்துல இருக்கறது அரக்கு."

"பூனைக்குத் தெரியுமா அரக்குன்னு? கொடுங்க இப்டி."

பழைய திரை, ஓரத்தில் மங்கியிருக்கிறது என்று மகன் பிறகு சொன்னான். அதற்குள் குச்சி அவள் கைக்குப் போய்விட்டது. திரும்பி வரவில்லை.

அவள் ஆடுவதை நான் எப்படிச் சொல்வது? கண் ஒரு பக்கம் இருக்கும், கை அதற்கு முன்பே போயிருக்கும். மகனும் லீவுக்கு வந்தபோது ஆடிப் பார்த்தான், அவள் போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. ஆடும்போது அவளுக்கு ஒரு வாய் வந்தது. அவ்வளவு வருஷமும் அந்த வாய் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "டேய் ஜட்டி மண்டையா, நவுருடா! ஜல்தி வாங்கடா, தூங்கிகினு வரீங்களா? த்தூ, மூஞ்சியப் பாரு, தும்முது பாரு!" எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் சண்டையோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்துகிற நேரம்தான் அவளுக்கு ஆட்ட நேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மேலேயிருந்து எந்த நிறம் விழுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. "மாம்பழம். மாம்பழம். மயில் கழுத்து, எடதுல." அவள் இழுப்பாள். எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, எங்கள் ஊரைத் தாண்டிக் கண்ணமங்கலம் வரை போய்த் திரும்பி வந்தவன் நான். அந்த மத்தியானங்களில் நான் பேசிய அளவுக்கு அவளிடம் அதற்கு முன்னால் பேசியதில்லை. பேசியதெல்லாம் நிறத்தின் பெயர்கள்தான் என்றாலும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பூனை ஒரு இடத்துக்குப் போகும். ரயில், குளிக்கிற இடம், கடல், மலை, மேகம். அந்த இடங்களை எல்லாம் வரிசையாக ஒரு படத்தில் காட்டுவார்கள். வரிசையின் கடைசியில் மூடின கருப்புக் கதவு ஒன்று. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் வீட்டில் அந்த ஆடி, ஆவணி முழுக்கப் பேச்சு.

"ஜட்டி ஏன் தலைக்கு வந்துச்சின்னு அங்கதான் தெரியும்" என்பாள். "அவன் அம்மா இருப்பா பாருங்க. தொவைக்கப் போட்டத எடுத்து மாட்டிகினு ஓடி வந்துட்டான். அவ தேடிகினு இருக்கறா."

"பொண்டாட்டியா இருக்கும்" என்றேன் ஒரு நாள்.

அவள் குச்சியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஆட்டம் தோற்றது. அவள் கவலைப்படவில்லை.

கல்யாணமானதிலிருந்து, "எனக்கு இது வேணும்" என்று அவள் வாய் விட்டுக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. சேலை எடுக்கப் போனாலும் "உங்களுக்கு எது தோணுதோ" என்பாள். அந்தக் கதவைத்தான் அவள் வேண்டும் என்று சொன்னாள். "அந்தக் கதவத் தொறந்து பாத்துட்டன்னு வையிங்க, பொட்டிய மூடி வெச்சிடுவேன்" என்றாள். ஆயுத பூசை வந்தபோது அவள் மேகத்தில் இருந்தாள். அடுத்தது கதவு.

தேவிகாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் முந்தின நாளே பஸ் பிடித்து வந்துவிடுவாள். அந்த வருஷம் அவள் பையோடு உள்ளே நுழைந்தபோது மத்தியான நேரம். என் மனைவி பூனையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? பேரன் எடுக்கற வயசுல பொம்ம பாத்துகினு. தறி காலியா கெடக்குது."

"சாப்புடற நேரம்தான் அண்ணி."

"சோத்த வாயால துன்றதா, குச்சியால துன்றதா?" அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, நீ சொல்லக் கூடாது? அவ பூனையோட பேசறா, நீ பக்கத்துல உக்காந்து ஜால்ரா போட்டுகினு இருக்கற. தெருவுல நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பதில் கிடைக்காதபோது என் முகம் தானாகச் செய்கிற காரியம் அது. ஆனால் என் மனைவி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு அக்காவுக்குத் தட்டு எடுத்து வைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கும்போது, அக்கா காதில் விழாதபடி என்னிடம் சொன்னாள்: "இன்னிக்குத் தறி இல்ல. படைச்சி முடிச்சதும் சாயந்தரமா கதவத் தொறந்துடலாம். நீங்க கலரு சொல்லணும்."

எனக்கு அன்று காலை முழுக்க மனசு நன்றாக இருந்தது. அதுதான் வினை.

தறியைத் துடைத்து, நாடா, கத்திரி, அளவுகோல், விளக்கு எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அக்காவும் அடுப்படியில் இருந்தார்கள். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினால் முதல் இழை போடுவதற்கு முன் சூடம் காட்டுவோம். நல்லபடியாக முடியட்டும் என்று. கதவைத் திறக்கப் போகிறவளுக்கும் அப்படிக் காட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. என் நாடாவுக்குப் பக்கத்தில் அவள் பெட்டியையும் வைத்துவிட்டால் அக்காவுக்கு அதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. வாயால் சொல்ல வராததைக் கையால் செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தேன். மூடி வைத்தால் முகம் தெரியாதே என்று திறந்து வைத்தேன். இருட்டாக இருக்கிறதே என்று ஆன் செய்தும் வைத்தேன். பூனை வந்து நின்றது. சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கரைத்து இரண்டு திரைக்கும் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். பிறகு மாவிலையில் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு எல்லாச் சாமானுக்கும் தெளித்ததுபோல அதற்கும் தெளித்தேன். அவள் சாமானாயிற்றே என்று கொஞ்சம் தாராளமாகவே தெளித்தேன்.

படைக்கிற நேரத்துக்குத் தெருப் பிள்ளைகளும் பொரிக்கு வந்துவிட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில், ஜட்டிக்குக் கீழே பொட்டு வைத்துக்கொண்டு பூனை டிங் டிங் என்று பாட்டு வாசித்தது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

"இது இன்னாடா?" என்றாள் அக்கா. "ஆயுத பூசையா, பூனை பூசையா?"

பொரித் தட்டோடு வந்த என் மனைவியும் சிரித்தாள். என்னைப் பார்த்தாள், ஏதோ கேட்பதுபோல. சூடம் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாயந்தரம் பிள்ளைகள் போன பிறகு, அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியிடம் குனிந்தாள்.

"ஏய், கை வெக்காத!" என்று அக்கா சத்தம் போட்டாள். "பூசையில வெச்சத மறுபூசை ஆவாம எடுப்பாங்களா? தறிக்கார வூட்டுல வந்து இத்தினி வருசமாச்சி, இது தெரியாதா உனக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. படைத்த சாமானை அடுத்த நாள் காலையில் மறுபூசை செய்துதான் எடுப்போம். அதுவரை கத்திரியைக்கூடத் தொட மாட்டோம். எனக்குத் தெரியாததா? அப்பா காலத்திலிருந்து செய்கிறேன். அவள் நன்றாக ஆட வேண்டும் என்ற நினைப்பில், அவள் ஆட முடியாமல் செய்துவிட்டேன்.

அவள் குனிந்தபடியே என்னைப் பார்த்தாள். "நான்தான் வெச்சேன், நானே எடுத்துக் கொடுக்கறேன், ஆடு" என்று சொன்னால் போதும். அக்கா கத்துவாள். கத்திவிட்டுப் போகட்டும். ஆனால் நான் விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறைய இருந்தது.

"சரி அண்ணி" என்று அவள் நிமிர்ந்து போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பூனையின் பாட்டும் நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் மறுபூசை முடித்து, சாஸ்திரத்துக்குத் தறியில் நாலு இழை போட்டோம். அவள் பெட்டியை எடுத்து முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். சார்ஜரைச் செருகினாள். ஒரு சின்ன விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அதற்குப் பிறகு எரியவில்லை. இரண்டு திரையும் சேருகிற மடிப்பில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் போகும் என்று யாரோ சொன்னார்கள், அதையும் செய்தோம். கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் கடைக்கு எடுத்துப் போனேன். திறந்து பார்த்த பையன், "உள்ள பூரா மஞ்சளா இருக்குது. இன்னாண்ணா, மஞ்சத்தண்ணி ஊத்தனீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான்.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்குத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது உளறியிருப்பேன், விஷயம் வெளியே வந்திருக்கும். "சாமிக்கே ஆடணும்னு ஆசை போல" என்று சொல்லிவிட்டுப் பலகையில் வந்து உட்கார்ந்தாள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், மகன் போனில் பேசினான். அவள் ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் தறிக் குழியில் இருந்தேன். அறுந்த இழையைச் சேர்க்க நிறுத்தியிருந்ததால் எல்லாம் கேட்டது.

"பொட்டிதான்மா போச்சி. அந்த கேம் சிப்பு நல்லாத்தான் இருக்கும். பழசு ஒண்ணு தேடிப் புடிச்சி வாங்கியாறேன். நீ வுட்ட எடத்துலயே இருக்கும்."

"வேணான்டா."

"ஏம்மா?"

"உங்கப்பாவுக்கு அது புடிக்கல."

"சொன்னாரா?"

"அவரு எங்க வாயத் தொறந்து சொல்றாரு? உங்க அத்த பேசன மறுநாளு, நான் ஆடலாம்னு சொன்ன அன்னிக்கே, சாமிகிட்ட கொண்டுபோய் வெச்சிட்டாரு. தொட முடியாத மாதிரி. அதுக்குமேல இன்னா சொல்லணும்?"

அவள் குரலில் கோபம் இல்லை. மழை வந்தது, துணி நனைந்தது என்று சொல்வதுபோல் சொன்னாள். நான் குழியிலிருந்து எழுந்து நாலு எட்டு நடந்து அடுப்படிக்குப் போயிருக்க வேண்டும். அப்படியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இழையைச் சேர்த்துவிட்டு மிதியில் கால் வைத்தேன். தறிச் சத்தம் கேட்டதும் அவள் போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் கையை நான் கவனிக்க ஆரம்பித்தேன். நான் மிதிப்பதற்கு முன்பே அவள் விரல் நாடாவோடு வந்துவிடுகிறது. வந்து, எனக்காகக் காத்திருக்கிறது. எத்தனை சேலைக்கு அப்படிக் காத்திருந்ததோ.

சொல்ல நினைத்துச் சொல்ல நினைத்து, "அந்தப் பொட்டி..." என்று ஆரம்பிப்பேன். "எந்தப் பொட்டி?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். மத்தியானத்தில் இரண்டு பேரும் சாப்பிட்டு, கை கழுவி, தறிக்குத் திரும்பினோம்.

பொங்கலுக்கு வந்த மகன் தன் போனில் வேறொரு விளையாட்டைப் போட்டுக் காட்டினான். "கண்ணு வலிக்குதுடா" என்று தள்ளிவிட்டாள். அவளுக்குக் கண் வலியே கிடையாது. அவன் ஊருக்குப் போன மறுநாள், நெய்துகொண்டிருக்கும்போதே எனக்கு வார்த்தை வந்தது. முகத்தைப் பார்த்தால் நின்றுவிடும் என்று நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆட வேணான்னு நான் வெக்கல."

"எதை?"

"பூனைய."

அவள் நாடாவை மடியில் வைத்தாள். "பின்ன?"

"நீ ஜெயிக்கணும்னு வெச்சேன். புதுப் பாவுக்குச் சூடம் காட்டறோம்ல? அந்த மாதிரி. மறுபூசை ஞாபகமே வரல."

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்" என்றாள். இப்போது சிரிக்கவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு, "மிதிங்க" என்றாள்.

அன்று சாயந்தரம் நானே மகனுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் "அம்மாவுக்கு இன்னா ஆச்சி?" என்றான், நான் போன் செய்து பழக்கம் இல்லாததால். எங்கேயோ தேடி, மூடியில் கீறல் விழுந்த ஒரு பழைய பெட்டி வாங்கி வந்தான். சிப்பைப் போட்டதும் பூனை வந்தது. வரிசைப் படத்தில், மேகத்தின் மேல், விட்ட இடத்திலேயே நின்றது. என் மனைவி அதைப் பார்த்தாள். மகன் மனசு நோகக் கூடாது என்று குச்சியை எடுத்து இரண்டு கோடு இழுத்தாள். குருவிகள் தும்மின. அவள் ஒன்றும் திட்டவில்லை. "நல்லாருக்குதுடா" என்று சொல்லி மூடி அலமாரியில் வைத்தாள். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை. கேட்டால், "கை மறந்துடுச்சி" என்கிறாள். அவள் கை எதையும் மறக்கிற கை இல்லை. மறந்தது வேறு ஏதோ. அதை எப்படித் திரும்ப வாங்கிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன அமாவாசையன்று அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் பெட்டியை எடுத்து உட்கார்ந்தேன். அந்த ஒரு மேகத்தை மட்டும் தாண்டிக் கொடுத்துவிட்டால், கதவையாவது அவள் பார்ப்பாள் என்று ஒரு எண்ணம். திரும்பத் திரும்ப ஆடினேன். பூனை திரும்பத் திரும்பப் பெருக்கியது. அவள் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியில் நின்று, என் கையையும் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. நிறத்தைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சோறு போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.